ரெக்கார்டு மேல் போர்த்திய வேட்டி

தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்ள எப்போதும் யாராவது இருந்திருக்கிறார்கள், அதனால் நலம் விசாரிக்கவில்லை. நான் பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடியில், என் அண்ணன், உன் மாமா வீட்டில் இருக்கிறேன். நேற்றுக் காலை நீ வேலைக்குப் போனதும் கோலாலம்பூரில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடந்து வந்தேன். ‘அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்’ என்று உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். பெற்றவள் கல்யாண வேலையை எல்லாம் போட்டுவிட்டு எதற்காக நானூறு கிலோமீட்டர் தனியாகப் போகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. உனக்கு அந்தக் கட்டைவிரல் போதும் என்று பட்டிருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே குழுவில் நான் ஒரு பொய் எழுதினேன். ‘அழைப்பு வைக்கக் கொஞ்சம் லேட்டாப் போயிட்டோம், அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு, சரியாயிடும்’ என்று. அதற்குக் கீழே ஆளாளுக்கு வந்து எழுதினார்கள். வயசானால் இப்படித்தான் என்று ஒருவர். இந்தக் காலத்திலும் இதெல்லாமா என்று இன்னொருவர். கிள்ளானிலிருந்து உன் சித்தப்பா சிரிக்கிற பொம்மை போட்டார். அண்ணனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்தார், ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. பொய்யைப் படித்தவர்கள் அத்தனை பேரும் உண்மையையும் படிக்கட்டும்.

உன் ஜாஸ் பைத்தியத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் நீ ஹாலில் ரெக்கார்டைப் போடும்போது நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். யாரோ ஒருவன் பியானோவை அவசரமே இல்லாமல் தடவிக்கொண்டிருப்பான், பின்னால் இன்னொருவன் சாக்சபோனில் முனகுவான். ஒன்றிரண்டு எனக்குப் பிடிக்கவும் செய்யும். உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பாடம் எடுப்பாய். எனக்கு ஆகாதது நீ அதை வாங்கப் போகிற விதம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் உன் கண்ணில் படுவதில்லை. சுரபாயா போனாய், தைப்பே போனாய், தோக்கியோ போனாய். திரும்பி வந்ததும் அங்கே என்னடா பார்த்தாய் என்று கேட்டால் கடைப் பேரைச் சொல்வாய், எந்த மாடி, எந்தப் பெட்டி, மூலையில் கீறல் இருந்ததா இல்லையா என்று சொல்வாய். அந்த ஊரில் மனிதர்கள் இருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு என்னைப் பாங்காக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? என் கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம் என் மகன் எனக்குப் பாங்காக் சுற்றிக் காட்டினான் என்று பெருமை அடித்தேன். உண்மையில் நான்கு நாளில் மூன்று நாள் நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீ குனிந்து பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முதுகைத்தான் பார்த்தேன். கடைக்காரப் பெண் பாவப்பட்டு எனக்கு ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். ‘அஞ்சு நிமிஷம்மா’ என்று நீ ஐந்து தடவை சொன்னாய். கோயில் பார்த்தீர்களா என்று ஊரில் கேட்டதற்குப் பார்த்தேன் என்றேன். டாக்சி ஜன்னல் வழியாகப் பார்த்ததும் பார்த்ததுதானே. அன்றைக்கே ‘டேய், எழுந்திரு, போகலாம்’ என்று உன் காதைப் பிடித்து இழுத்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஒற்றைப் பிள்ளை முகம் சுளிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டே உன்னை வளர்த்தேன். அது என் தப்பு.

இப்போது உன் மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குத் தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, தெரிந்தும் உனக்கு உறைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது. நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் அதே ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸின் ஓட்டுநர். ‘தனியா எதுக்கும்மா வாடகை வீடு, வந்துடு’ என்றார், வந்துவிட்டோம். இரண்டே அறை உள்ள இந்த வீட்டில் ஓர் அறையை நமக்குக் கொடுத்துவிட்டு, நீ படிக்க ஹாலில் விளக்கு வேண்டும் என்று இன்னொரு அறையில் அவரும் அண்ணியும் சீக்கிரமே கதவைச் சாத்திக்கொள்வார்கள். பத்து வருடம். பள்ளியில் உன் மதிப்பெண் அட்டையில் பாதுகாவலர் கையெழுத்து போடுகிற இடத்தில் இருப்பதெல்லாம் அவர் கையெழுத்து. கணக்கில் தோற்ற வருடம் நீ அட்டையை என்னிடம் காட்டாமல் அவரிடம் கொண்டுபோனாய். அவரும் போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் மூச்சு விடவில்லை. நான் அட்டையைத் துணிகளுக்கு நடுவில் கண்டுபிடித்துச் சண்டை போட்டபோது, ‘புள்ள பயந்துட்டான்மா, அடுத்த தடவை எடுத்துடுவான்’ என்றார். எடுத்தாய். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கணக்குத் தெரியாமலே.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குத் தங்கை நான் ஒருத்தி, எனக்கு மகன் நீ ஒருவன். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது தாய்மாமன் உரிமை. அவர் ஆயுசில் அந்த இடத்தில் நிற்கப்போவது ஒரே ஒரு தடவைதான். அதனால்தான் உனக்கும் தர்ஷினிக்கும் நிச்சயம் ஆனதுமே, குலதெய்வத்துக்கு அடுத்த முதல் பத்திரிகை அவருக்கு என்று முடிவு செய்தோம். வேட்டி, துண்டு, அண்ணிக்குப் புடவை, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் தாம்பாளத்தில் அடுக்கினேன். துணிக் கவரைப் பிரித்து மூலையில் மஞ்சள் வைத்தேன். தாலி இல்லாதவள் தாம்பாளம் நீட்டினால் நாலு பேர் நாலு பேசுவார்கள், அதனால் நீதான் நீட்ட வேண்டும். ‘ஊர்லேருந்து யாரையும் கூட்டிட்டு வராதம்மா, நீயும் தம்பியும் வந்தாப் போதும். சனிக்கிழமை பத்தரைக்கு மேல வாங்க’ என்று அண்ணன் நேரம் குறித்துச் சொன்னார். ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், அது போனால் நல்ல நேரம்.

நீ ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, விடிவதற்குள் உன் காடியில் கிளம்பி ஒன்பதுக்கு முன்னாலேயே பினாங்குப் பாலத்தைத் தாண்டிவிட்டோம். அப்போதுதான் நீ மெல்ல ஆரம்பித்தாய்.

“மா, பத்தரை வரைக்கும் மாமா வீட்டுக்குப் போக முடியாதுல்ல? சும்மாத்தானே இருக்கப் போறோம். டவுன்ல ஒரு அங்கிள் பழைய வீட்ட காலி பண்றாராம். புல்லா ஜாஸ். ஹாஃப் அவர் லா.”

“ராகு காலத்துல நல்ல காரியம் செய்யக் கூடாதுடா.”

“ரெக்கார்டு வாங்குறத நீங்க என்னிக்கு நல்ல காரியம்னு சொல்லியிருக்கீங்க?” என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

லெபோ கிம்பர்லித் தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. படி செங்குத்து, என் முட்டிக்கு ஆகாது. எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். நீ இறங்கி வந்தபோது பத்தே முக்கால். இரண்டு பெட்டி நிறைய ரெக்கார்டு. முகமெல்லாம் பல். சரி, ஒழிந்தது, போகலாம் என்று எழுந்தால், அந்தச் சீனப் பெரியவருக்கு லெபோ சூலியாவில் ஒரு கூட்டாளி இருக்கிறாராம், அவரிடம் ஜப்பானில் அச்சடித்தது இருக்கிறதாம், இன்றைக்கு விட்டால் சிங்கப்பூர்க்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவானாம். அஞ்சு நிமிஷம். காடி நகரும்போதே அண்ணன் போன் செய்தார். நான் எடுத்து, “பாலத்துல ஜாம்ண்ணே, அசையவே மாட்டேங்குது” என்றேன். நீ சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். அவர் அதையும் நம்பினார். “பரவால்லம்மா. புள்ளைய அவசரப்படுத்தாத, மெதுவா ஓட்டச் சொல்லு” என்றார்.

இரண்டாவது கடைக்கு முன்னால் நிழலே இல்லை. வெயில் பின் சீட்டில் நேராக விழுந்தது. நீ பதறிப்போனாய். பின்னால் சாமான் வைக்கிற பூட்டில் வைத்தால் வெந்துவிடும் என்றாய். வெயில் பட்டால் ரெக்கார்டு வளைந்துவிடும் என்றாய். பெட்டிகளைச் சீட்டில் வெயில் குறைந்த ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அங்கே இருந்த தாம்பாளத்தை எடுத்துக் கீழே, கால் வைக்கிற இடத்தில் இறக்கினாய். அதோடு விட்டாயா?

“மா, அந்த வேட்டியக் குடுங்க.”

“டேய், அது மாமாவுக்குடா.”

“சும்மா மேல போடுறதுதாம்மா. வெள்ளைல்ல, வெயில திருப்பி விட்டுடும்.”

எட்டு முழ வேட்டி. மஞ்சள் வைத்த வேட்டி. மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. நான் குனிந்து, தாம்பாளத்திலிருந்து அதை எடுத்து, உன் கையில் கொடுத்தேன். நீ அதை விரித்து, முனை விலகாமல் நான்கு பக்கமும் செருகி, அந்தப் பெட்டிகளுக்குப் போர்த்தினாய். காய்ச்சலில் படுத்த குழந்தைக்குக்கூட யாரும் அத்தனை பார்த்துப் போர்த்தமாட்டார்கள். புடவையைத் தொடவில்லை. அது சிவப்பு, வெயிலை இழுக்கும் என்றாய். அத்தனை யோசிக்கத் தெரிந்த உனக்கு அது யாருடைய வேட்டி என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை.

உள்ளே போய் நீ ஒவ்வொன்றாக உருவி எடுத்தாய். ஓரத்தை மட்டும் இரண்டு உள்ளங்கையால் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, கீறல் தேடி, கவரை மோந்து பார்த்து, திரும்ப உறைக்குள் விட்டாய். பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. அண்ணன் இரண்டாவது தடவை கூப்பிட்டதற்கு இன்னும் ஜாம் என்றேன். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. கடையில் எனக்கு ஸ்டூல்கூட இல்லை, ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். நாம் கிளம்பியபோது மணி ஒன்றே முக்கால். ஒன்றரைக்கு எமகண்டம் பிறந்துவிட்டது. ராகு காலத்தைத் தவிர்க்கிறேன் என்று ஊர் சுற்றப் போனவன் எமகண்டத்தில் கொண்டுபோய் என்னை நிறுத்தினாய்.

அடுக்குமாடிக்குக் கீழே அண்ணன் நின்றிருந்தார். பட்டுச் சட்டை, வேட்டி, நெற்றியில் திருநீறு. காடி நிறுத்த இடம் கிடைக்காது என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு நமக்காக இடம் பிடித்து வைத்திருந்தார். பத்து மணிக்கே இறங்கிவிட்டாராம், அண்ணி பிறகு சொன்னாள். நாற்காலியைத் தூக்கினால் வேறு எவனாவது நுழைந்துவிடுவான் என்று சாப்பிடக்கூட மேலே போகவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நம் காடியைக் கண்டதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், அறுபத்தெட்டு வயதில். “வா தம்பி, வா வா, நேரா விடு, நேரா” என்று கை காட்டினார். நீ உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது நான் பின்னால் கையை நீட்டி வேட்டியை உருவி மடியில் போட்டேன். அதில் ஒரு சதுரம் பதிந்திருந்தது. பழைய கவரின் பூஞ்சையும் தூசியும் சேர்ந்து பழுப்பாக, ரெக்கார்டு கவர் அளவுக்கு, நான்கு மூலையும் தெரிகிற சதுரம். தட்டினேன், போகவில்லை. அப்போது நான் செய்ததைத்தான் இந்தக் குழுவில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கறையை உள்ளே வைத்து மடித்தேன். மஞ்சள் மூலையை மேலே எடுத்துவிட்டேன். தாம்பாளத்தில் வைத்து மேலே பூவைப் போட்டேன்.

வீட்டில் அண்ணி பாயசமும் வடையும் செய்து வைத்திருந்தாள். தாம்பாளம் வாங்கும்போது சாட்சிக்கு இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டு மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் ஒரு மணி வரை இருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“எமகண்டம்மா. மூணு மணிக்கு வாங்கிக்கிறேன். பசியாறிட்டு உக்காந்து பேசிக்கிட்டு இருங்க” என்றார் அண்ணன்.

நீ மணியைப் பார்த்தாய். “இல்ல மாமா, நாலு மணிக்குப் புக்கிட் மெர்தாஜாம்ல ஒருத்தரப் பாக்கணும்.”

“கல்யாண விஷயமா?”

“ஆமா மாமா.”

நீ சந்திக்க இருந்தவன் மூன்றாவது ரெக்கார்டுக்காரன். நான் உன் பக்கத்தில் நின்று அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் காலண்டரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். நேரம் காலம் பார்க்காமல் ஒரு பல்புகூட மாற்றமாட்டார் அந்த மனிதர். “கல்யாண வேலைன்னா சரி. சாமி ஒண்ணும் சொல்லாது” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். நீ தாம்பாளத்தை இடது கையில் தூக்கினாய். வலது கையில் போன். அந்தப் புக்கிட் மெர்தாஜாம்காரன் ஏதோ அனுப்பியிருந்தான். ரெக்கார்டுக்கு இரண்டு உள்ளங்கை, உன்னை வளர்த்தவருக்கு ஒரு இடது கை. அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

அண்ணி வேட்டியை எடுத்து அண்ணன் தோளில் போடலாம் என்று விரித்தாள். சதுரம் விரிந்தது. பூஞ்சை வாடை எனக்கே அடித்தது. பாவம், அவள் கடைக்காரனைத் திட்டினாள். “பழசக் குடுத்து ஏமாத்திட்டான் போல!”

நீ போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: “இல்லத்தே, ரெக்கார்டு மேல போட்டிருந்தேன். காலையிலேருந்து டவுன்ல செம வெயில்ல, வளைஞ்சிடும். துவைச்சாப் போயிடும்.”

அண்ணன் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அப்ப நீங்க காலையிலயே வந்துட்டீங்களாம்மா?” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். வேட்டியை அவரே வாங்கி மடித்தார், தாம்பாளத்தில் வைத்தார், தாம்பாளத்தை உன் கையில் திருப்பிக் கொடுத்தார். “ஒரு நல்ல நேரமாப் பாத்து வாங்க தம்பி” என்றார். நீ, “சாரி லா மாமா, வேற வேட்டி வாங்கித் தரேன்” என்றாய். “வேட்டி எங்கிட்ட இருக்குப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாயசத்தை யாரும் தொடவில்லை.

காடியில் ஏறியதும் நீ சொன்னது: “ஒரு வேட்டிக்கு இவ்வளவு டிராமாவா?” நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உன்னோடு புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தேன். அந்த ஆள் வீட்டு வாசலில், காடியில், திருப்பிக் கொடுத்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ வாங்கி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து, அண்ணன் கோபித்துக்கொண்டார் என்று ஊருக்கு எழுதினேன். பிள்ளை பெயர் கெடக்கூடாது என்று அண்ணன் பெயரைக் கெடுத்தேன்.

அதற்குப் பிறகும் நீயாக ஒருநாள் போய் நிற்பாய் என்று காத்திருந்தேன். இரண்டு சனிக்கிழமை போனது. ஒன்றில் உன் கூட்டாளிகளுக்கு அந்த ஜப்பான் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினாய். மற்றதில் அலமாரி வாங்கப் போனாய், ரெக்கார்டு வைக்க. போன செவ்வாய்க்கிழமை மாமாவை எப்போது போய் அழைப்பது என்று நானே கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்னாய்: “விடுங்கம்மா. பட்டம் கட்ட ஒரு ஆள்தானே வேணும்? தர்ஷினியோட அங்கிள் யாராச்சும் கட்டுவாங்க.” அந்த ராத்திரி என் பெட்டியைக் கட்டினேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் உன்னோடு ஊர் ஊராக வரப்போகிறவள் தர்ஷினி. அவளும் முதல் வருடம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், ஆசையாக. இரண்டாம் வருடம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். தர்ஷினி, நீயும் இந்தக் குழுவில் இருக்கிறாய் அம்மா, நீயும் படி. இவன் கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், வார்த்தை தடிக்கமாட்டான். தனக்கு வேண்டியது எதிரே இருந்தால் பக்கத்தில் இருக்கிற மனிதர் இவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார், அவ்வளவுதான். ‘அஞ்சு நிமிஷம்’ என்றால் முதல் தடவையே எழுந்து நடந்துவிடு. நான் எழுந்து நடக்காததால்தான் இவன் இப்படி ஆனான்.

நேற்று வந்ததும் அண்ணனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜாம் பொய் என்று சொன்னேன். வேட்டியை எடுத்துக் கொடுத்தது நான் என்று சொன்னேன். கறையை உள்ளே வைத்து மடித்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“தெரியும்மா,” என்றார். “மடிப்பப் பாத்ததுமே தெரியும். சின்ன வயசுலேருந்து நீ அப்படித்தானே மடிப்ப, மூணா மடிச்சு முனைய உள்ள சொருவி. அதான் அவன் முன்னாடி ஒண்ணும் கேக்கல. பெத்தவள புள்ளைக்கு முன்னாடி கேட்டா நல்லா இருக்காது.”

நான் அழுதேன். உன் அப்பா போன வருடத்துக்கு அப்புறம் நான் அப்படி அழுததில்லை. கோபித்துக்கொண்டார் என்று ஊர் முழுக்க நான் சொல்லி வைத்த மனிதர் என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். குழுவில் சிரித்தவர்களுக்கும் இப்போது தெரியட்டும்.

பிறகு அவர் சொன்னார்: “போனது போகட்டும். நான் வரேன்மா கல்யாணத்துக்கு. அழைப்பு கிழைப்பு ஒண்ணும் வேணாம். புள்ள நெத்தி வேற எவன் கையிலயோ போகக் கூடாது.” அண்ணி அப்போதே எழுந்துபோய் அவர் பட்டுச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். பட்டத்துக்கு வெள்ளி எப்போதோ வாங்கி வைத்துவிட்டார்களாம். அதையும் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினாள். உனக்கு இந்த இடத்தில் நிம்மதியாக இருக்கும். மாமா வருகிறார், பிரச்சினை தீர்ந்தது, அம்மா எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டாள் என்று நினைப்பாய். எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது.

நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “வராதீங்கண்ணே. அவன் வந்து கூப்பிடாம நீங்க வந்தா நான் உங்கள மண்டபத்துக்குள்ள விடமாட்டேன்” என்றேன். என் ஆயுசில் முதல் தடவையாக அவர் என்மேல் சத்தம் போட்டார். “என் மருமகன் கல்யாணத்துக்கு என்ன வரவேணாம்னு சொல்ல நீ யாரு?” என்று கத்தினார். அண்ணி தேய்ப்புப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து நின்றாள். கத்தட்டும் என்று நானும் நின்றேன். உனக்குப் பதிலாக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை இந்த இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இந்த ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் உன் மனைவிக்கும் நாளை உன் பிள்ளைகளுக்கும் நாங்கள் துரோகம் செய்தவர்கள் ஆவோம். இப்போது அவர் என்னோடு பேசவில்லை. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். அதற்கும் நீதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நீ தொடாத எந்த வேலையையும் நான் இங்கிருந்து செய்யப்போவதில்லை. மண்டபம், சமையல், பூ, எல்லாம் உன் பாடு. நான் கோலாலம்பூருக்குத் திரும்பவில்லை. முகூர்த்த நாளிலும் இந்த வீட்டில்தான் இருப்பேன், அண்ணன் பேசினாலும் பேசாவிட்டாலும். நான் உன்னைப் பெற்றவள் என்பதால் மண்டபத்தில் முதல் வரிசையில் தானாக வந்து உட்கார்ந்திருப்பேன் என்று எண்ணிக்கொள்ளாதே. எனக்கும் நீ இதுவரை பத்திரிகை வைக்கவில்லை. ஆகவே நேரில் வந்து, நின்று, வாயைத் திறந்து நீ அழைக்க வேண்டியவர்கள் இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். முதலில் அவரைக் கூப்பிடு. அவர் சரி என்றால், பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்.